கேஸ் வேனில் வரும் மென்பொருள்

மலேசியாவில் சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரர் வாலண்டைனுக்கு வயது ஐம்பத்திரண்டு. சுற்றுவட்டாரத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்குச் சமையல் கேஸ் கொண்டுபோய்ப் போடுகிறவர். அவர் வேனின் முன்பக்கத்தில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். வேன் நின்றதும் பக்கத்து வீட்டுக் கணினிகளில் 'கேஸ் வேன்' என்று ஒரு வைஃபை தெரியும். கடவுச்சொல் கிடையாது, இணையமும் தேவையில்லை. பெட்டியில் இருக்கும் மென்பொருள்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கைப்பேசிக்கே லைன் சரியாகக் கிடைக்காத தொழிலாளர் குடியிருப்பு லயங்களில் அது பெரிய காரியம்.

முதலில் பென்டிரைவில்தான் கொடுத்துவந்தார். அது வீடு வீடாக வைரசைக் கொண்டுபோனதும் வெட்கப்பட்டு, தாமே படித்துத் தெரிந்து இந்தப் பெட்டியைச் செய்தார்.

ஒரு தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி ஹேமநாதனுக்குச் சந்தேகம். அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"இது திருட்டுச் சாமானா வாலண்டைன்? எனக்குப் பிரச்சினை வரும் லா."

"இல்லங்க கிராணி. செஞ்சவங்களே யாருக்கும் கொடுக்கலாம்னு எழுதி வச்சிருக்காங்க. நீங்களே பாருங்க."

கிராணி உரிமத்தை முழுக்கப் படித்தார். பிறகு குரல் இறங்கியது. "நம்ம தோட்டத்து விஜயனுக்கு இனிப்புநீரு வியாதியில கண்ணு போயிருச்சு. லேப்டாப் சும்மா கிடக்குது. அவனுக்கு ஏதாச்சும் இருக்கா?"

வாலண்டைனிடம் அப்போது இல்லை. வீட்டுக்குப் போய்த் தேடினார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கட்டற்ற மென்பொருள் ஒன்று கிடைத்தது, தமிழ்க் குரலோடு. ஆனால் அதைக் கொடுத்துவிட்டுப் போய்விட அவருக்கு மனம் வரவில்லை. மனைவியின் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் தினமும் சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையிலேயே அதோடு பழகினார்.

அடுத்த வியாழக்கிழமை விஜயன் வீட்டில் கணினி முதன்முதலாகப் பேசியது.

"என்னாண்ணே, மூக்கடைச்சவன் மாதிரி பேசுது!"

"மொதல்ல பேசுதா இல்லையா, அதச் சொல்லு."

விஜயன் சிரித்தான். பெயரைத் தட்டச்சு செய்தான், தப்பாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தான். அன்று மூன்று மணி நேரம் போனது. கேஸுக்குக் காத்திருந்த அடுத்த தோட்டத்துக்காரர்கள் போனில் திட்டினார்கள். வாலண்டைன் மன்னிப்புக் கேட்டாரே தவிர இடத்தைவிட்டு எழவில்லை.

நான்கு மாதத்தில் தோட்டத்துப் பிள்ளைகளின் உதவிநிதி மனுக்களை விஜயன்தான் அடித்துக்கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. அந்தக் குரல் தப்பாக உச்சரிக்கும் சொற்களைக் குறித்துவைத்தான், நாற்பத்தாறு சொற்கள். மென்பொருளைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினான். அதை வாலண்டைன் எடுத்துப்போய் டவுனிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினார்.

பதில் வர ஆறு வாரம் ஆனது. வாலண்டைன் அதை வாசித்துக்காட்டவில்லை. பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். விஜயனே இறக்கிக் கேட்டான். அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும், இன்னும் தப்புகள் இருந்தால் அனுப்பும்படியும் எழுதியிருந்தார்கள்.

"இருக்குண்ணே," என்றான் விஜயன். "உக்காருங்க, சொல்றேன்."