பதினோரு மாதப் புள்ளிகள்

கட்டம் போட்ட தாளை மழையில் நனையாமல் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுவருவார் அந்த அக்கா. எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிளினிக்கில் நான் தாதியாக இருந்தேன். அக்கா பால்மரம் வெட்டுபவர், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை. கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக மாமியார் கோவில் வாசலிலேயே சொல்லிவிட்டிருந்தார். கருமுட்டை வெளியானதும் பெண்ணின் உடம்புச் சூடு சற்றே ஏறும், சில மாதம் குறித்துவந்தால் கரு தரிக்கத் தோதான நாள் பிடிபடும் என்று நான் படித்துவந்த புதுசு. பெருமை பிடிபடாமல் சொல்லிக்கொடுத்தேன். கண்விழித்ததும் படுக்கையைவிட்டு எழாமல் தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைக்க வேண்டும், தாளில் ஒரு புள்ளி போட வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற அக்கா, பாதரசக் கோட்டைப் படிக்க ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டார்.

பதினோரு மாதம் ஒரு நாள் விடவில்லை. புள்ளிகள் மட்டும் கோழி கிளறிய மாதிரி கிடந்தன. தாள்களை ஈப்போவில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். முட்டையே வெளியாவதில்லை போலிருக்கிறது என்றார் அவர். தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அது தீர்ப்பாகிவிட்டது. அடுத்த மாதமே புருஷனுக்குப் பெண் பேசி முடித்தார்கள்.

சிலிம் ரிவரில் இருந்த அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தினமும் படுத்தபடியே வைப்பது சிரமமாக இருந்ததா என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"படுத்துக்கிட்டா? பல்லு வெளக்காம வாயில எதையாச்சும் வைப்பாங்களா மிஸ்ஸி? பைப்புல நல்லா வாய் கொப்புளிச்சிட்டு, சுத்தமாத்தான்லா வச்சேன்."

தாதிகளைத் தோட்டத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை புள்ளிகளும் குழாய்த் தண்ணீரின் சூடு. பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். பதினோரு மாதத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். அந்த நிமிடமாவது சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம், அதைவிட வெட்கம். தெர்மாமீட்டரை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

இப்போதெல்லாம் மருந்துக்கடையில் ஒரு குச்சியை வாங்கி, சிறுநீரில் நனைத்து, முட்டை வெளியாகும் நாளைப் பெண்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் பார்த்தாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா தோட்டத்தைவிட்டுப் போய்ச் சில வருடங்கள் கழித்து ஈப்போ மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும், தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாமல் பேசினார்.

"கம்பார்ல ஒரு நல்ல மனுசன் என்னயப் பொண்ணு கேட்டு வந்தாரு மிஸ்ஸி. பிள்ளைன்னா அவருக்கு உசுரு. எனக்குத்தான் முட்டையே இல்லையே, இன்னொருத்தரயும் ஏமாத்தக் கூடாதுன்னு வேணாம்னுட்டேன்."

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, போகிறேன் அக்கா என்றேன். பஸ் வந்திருக்கவில்லை.