உப்புப் போட்ட செம்மண்

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஓர் ஐப்பசி மாதம், போடிமெட்டுக்கு மேலே நான் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்தில் நடந்தது இது.

எனக்கு அங்கே காய் ஸ்டோர் பொறுப்பு. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பு. உள்ளே தரையோடு ஓடும் பெரிய தகரக் குழாய். அதற்கு மேலே அடுக்கடுக்காகக் காய்த் தட்டுகள். விறகின் சூடு குழாய் வழியாக உள்ளே சுற்ற, புகை மட்டும் கூரைக்கு மேலே போய்விட வேண்டும். கொஞ்சம் புகை உள்ளே கசிந்தாலும் காயின் பச்சை மங்கிவிடும். ஏலம் விடும் இடத்தில் வியாபாரி ஒரு காயை உடைத்து மோந்து பார்த்ததுமே மூட்டையை ஒதுக்கிவிடுவார்.

அந்தக் குழாயின் பின்பக்க இணைப்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. நான் அதைப் பார்த்து நாலு நாளாகியிருந்தது. முதலாளியிடம் சொல்லவில்லை. சீசனுக்கு முன்பே அவர், போடியிலிருந்து வெல்டிங் ஆளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டிருந்தார். இந்த வருஷம் தாங்கும் என்று சொன்னவன் நான்தான். இப்போது எந்த முகத்தோடு சொல்வது? சும்மாவே நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். யாருக்கும் தெரியாமல் செம்மண்ணைக் குழைத்து அப்பினேன். சூட்டில் காய்ந்து உதிர்ந்தது. அதன் மேலேயே மறுபடியும் அப்பினேன்.

அன்று காலையில் ஸ்டோர் நிறைய காய். அந்தச் சுற்றுப் பறிப்பிலேயே நல்ல காய் அதுதான். அடுப்பு மூட்டிக் கொஞ்ச நேரத்தில் ஜீப்பு வந்து நின்றது. முதலாளி, அவர் மகள், கூடவே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அந்தப் பெண் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தது. அங்கே அது குடியிருந்த வீட்டுக்காரர் இவர். பெண்ணின் கல்யாணத்துக்கு வந்தவர், கட்டிவிட்ட வேட்டி பிடித்துப்போய், மேலே பெல்ட்டைப் போட்டு இறுக்கி, இரண்டு நாளாகக் கழற்றவே இல்லையாம்.

ஸ்டோர் வாசலிலேயே பெரியவர் நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். முதலாளிக்குச் சளி. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர் குனிந்து, தட்டுகளுக்கு அடியில் போகப் போனார்.

"தாத்தா, வேட்டி!" என்று பெண் கத்தியது.

அவர் கேட்கவில்லை. தவழ்ந்துபோய் நேரே அந்த இணைப்புப் பக்கம் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே தவழ்ந்தேன். என் செம்மண் அங்கே இரண்டு அடுக்காக அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு தடவை அப்பினாயா என்பதுபோல் இரண்டு விரலைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதலாளி குனிந்து எட்டிப் பார்ப்பதற்குள், பெரியவர் கிடந்த ஒரு குச்சியால் அத்தனை மண்ணையும் சுரண்டி வழித்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"புகை கசியுதாம்ப்பா. அடுப்ப அணைக்கச் சொல்றாரு. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிரலாமாம்" என்றது பெண்.

நெருப்பை இழுத்துப்போட்டுக் குழாயை ஆறவிட்டேன். அவர் செம்மண் கேட்டார், மணல் கேட்டார், பிறகு உப்பு கேட்டார். சமையல்கார அக்கா உப்போடு நாலு கொய்யாவையும் நறுக்கிக் கொண்டுவந்தது. அவர் கொய்யாவைத் தின்றார், உப்பை மண்ணில் கொட்டிப் பிசைந்தார்.

"ஆத்தாடி, மண்ணுக்கு உப்பு போட்டு ஊறுகாயா போடுறாரு?" என்று அக்கா சிரித்தது. அவர் ஊரில் வீட்டு அடுப்புக்கெல்லாம் இப்படித்தான் பூசுவார்களாம், உப்பு சேர்ந்தால் மண் சூட்டில் வெடிக்காதாம்.

பூசி, மறுபடி தீ மூட்டி, டீ குடிக்க உட்கார்ந்தோம். வேட்டி கரியும் மண்ணுமாக இருந்தது. அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்லச் சொல்லப் பெண் தமிழில் சொன்னது. ஊரின் பேர் என் வாயில் இன்றுவரை நுழையவில்லை. மலையடிவாரத்து இரும்பு ஊர். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆற்றை மறித்து அணை கட்டி, அந்தத் தண்ணீரின் வேகத்தில் துருத்தி ஓட்டி இரும்பு உருக்கினார்களாம். இங்கே கோயிலைச் சுற்றித் தெரு இருப்பதுபோல் அங்கே உலையைச் சுற்றித் தெரு. முதலில் வேலை செய்தவர்கள் ஊரைவிட்டுப் போக உரிமையில்லாத அடிமைச் சனம். காலையில் வெள்ளையாக விழும் பனி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடுமாம். பெண்கள் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் துணி காயப்போடுவார்களாம். அந்தக் கரி ஊரிலேயே இரும்புத் தட்டில் ரோஜாப்பூ வரைகிறவர்களும் உண்டாம். பழைய உலையை அணைத்து ரொம்ப வருஷமாகிறது. இப்போது டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிறார்கள்.

பிறகு அவர் குரல் தாழ்ந்தது. உலையில் வெடிப்பைக் கண்டவன் உடனே இரும்பைத் தட்டிச் சத்தம் போட வேண்டும், அது அங்கே வழக்கம். வாலிபத்தில் அந்த உலைக்கு மண் பூசும் வேலையில் இருந்த இவர், ஒருநாள் தட்டவில்லை. தன் பூச்சு சரியில்லை என்று சொல்வார்களே என்ற வெட்கம். கூட வேலை பார்த்தவரின் கை வெந்துபோனது.

"இத எங்கிட்டகூட சொன்னதில்லப்பா" என்றது பெண்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். முதலாளி பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, அது இன்னைக்கு விட்ட வெடிப்பு இல்ல. நாலு நாளாச்சு. நான் மண்ண அப்பி மறைச்சிட்டேன்."

முதலாளி என்னையே பார்த்தார். "ஏன்யா, நாலு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "வெல்டிங் ஆள நாளைக்கு வரச் சொல்றேன். இப்ப வெரசா போய் அடுப்பப் பாரு" என்றார்.

நடந்ததைப் பெண் சொன்னதும் பெரியவர் என் முதுகில் ஒன்று வைத்தார். என் கையிலிருந்த டீ பாதி கொட்டிவிட்டது.

கீழ்த்தட்டுக் காய் கொஞ்சம் மங்கியது. அதைத் தனியாகப் பிரித்து வைத்தோம். மற்றதெல்லாம் நல்ல பச்சையாக இறங்கியது. வேலையில் இன்னும் தப்பு செய்கிறேன், ஆனால் அன்றன்றைக்கே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். என்னை ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்காமல், தன் தப்பைச் சபையில் வைத்து என் வாயைத் திறக்க வைத்த அந்த மனிதரை நினைத்தால், முகம் தெரியாத அவர் ஊர்க்காரர்கள் மேல்கூட எனக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.