மொட்டைமாடியில் விட்டு வைத்த கம்பிகள்

இந்தக் கடற்கரையில் பாதி வீடுகளின் மொட்டைமாடியில் கம்பி முளைத்து நிற்கும். அடுத்த மாடிக்கென்று விட்டு வைத்தது. அதன் தலையில் காலித் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டால் துரு ஏறாதென்று நம்புகிறார்கள். உப்புக்காற்று கம்பியின் தலையில் மட்டுமா அடிக்கிறது? அந்தப் பாட்டில்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். வடக்கே ஓர் ஊரில் பூமி ஆடி முடிந்த பிறகு இடிபாடு அள்ளும் வேலை கிடைத்தது. பழைய தூணோடு புதுத் தூண் சேர்ந்த இடத்தில் பல வீடுகள் கரும்பு மாதிரி முறிந்து கிடந்தன. உள்ளே கம்பியைத் தொட்டால் கையில் பொடி ஒட்டியது. பிணவாடைக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை. சாப்பிட அதை அவிழ்க்க வேண்டும் என்பதால் பல நாள் சாப்பிடவில்லை.

திரும்பி வந்து தீவில் அக்காள்மடம் என்ற ஊரில் தங்கி, கம்பி கட்டும் வேலைக்குப் போனேன். கடல் பாலம் தாண்டி, ராமநாதபுரம் போகும் சாலையோரம் ஒரு முஸ்லிம் குடும்பத்து வீடு. வீட்டுக்காரர் துபாயில். மூன்று பெண் பிள்ளைகள். அவர்கள் வழக்கத்தில் மகள் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. அவளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை வரவழைப்பார்கள். கீழ்வீடு மூத்தவளுக்குப் போயிற்று. இரண்டாமவளின் நிக்காஹுக்குள் மாடி எழும்ப வேண்டும்.

பாட்டிலை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுத்தியலால் தட்டினேன். துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. சுண்டுவிரல் கனத்துக் கம்பி பென்சிலைவிட மெலிந்திருந்தது.

"இதோட புதுக் கம்பியச் சேர்க்கக் கூடாதுண்ணே. நல்ல கம்பி தெரியுற வரைக்கும் தூணை உடைக்கணும்" என்றேன்.

கொத்தனார் சிரித்தார். "ஏலே, இங்கன பூமியா ஆடுது? குடிச்சவன்தான் ஆடுவான். சிமெண்ட் பாலைத் தடவிட்டுக் கட்டுலே."

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். "கீழ பேரன் உறங்குறான் தம்பி. ஒண்ணும் ஆயிராதுல்ல?"

உதிர்ந்த துருவை அள்ளி அவர் கையில் கொடுத்தேன். "பூமி கொஞ்சம் பலமா அசைஞ்சாப் போதும்க்கா. மாடி கீழதான் வரும்."

அவர் புருஷனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் கேட்டது. "தூணை உடைச்சா நிக்காஹ் தள்ளிப் போகும். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்ல? ஊரே இப்படித்தான கட்டுது?"

போனை வைத்தவர் துருவைக் கைப்பிடிச்சுவருக்கு வெளியே உதறினார். "நீங்க கட்டுங்க" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் கம்பி கட்டும் கொக்கியைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அதில் பெரிய வீரமில்லை. மறுநாள் வேறொருவன் வந்து கட்டினான். அன்று நான் இறங்கி வரும்போது கீழே மூத்தவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணே, வேலை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். ஆமென்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

இப்போதும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறேன். மாடி எழும்பி, பச்சை பெயிண்ட் அடித்தாயிற்று. அதன் மேல் மறுபடியும் கம்பிகள், தலையில் பாட்டில்களோடு. மூன்றாமவளுக்கு.