அது பனி இல்லை

சென்ற வாரம் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கவிதா ஒரு கேள்வி போட்டிருந்தாள். எங்களில் ஆக இளையவள். ஆங்கிலமும் தமிழும் ஒரே மூச்சில் வந்துவிழும் பேச்சு அவளுக்கு. “லாங் ஹாலிடே வருது லா. நல்ல டாக்குமெண்டரி இருந்தா சொல்லுங்க. சீரியல் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு.” கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கும் நாங்கள் யாரும் ஆவணப்படம் பார்க்கிற ஆட்கள் இல்லை. ஆனால் கேட்டுவிட்டால் எல்லாருக்கும் ஒரு கருத்து வந்துவிடுகிறது. திமிங்கிலம் என்றார் ஒருவர். கொலைக் கேஸ் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இணையத்திலிருந்து ஒரு பட்டியலை அப்படியே தூக்கிப் போட்டார். நம் நாட்டில் எடுத்த, கட்டாயம் பார்க்க வேண்டிய படங்களாம். நான் மேசையிலேயே பசியாறியபடி ஒரு விரலால் அதைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: “அதிகாலைப் பனிக்கு நடுவே ஒரு தோட்டத்துப் பெண் நடந்து வரும் காட்சிக்காகவே பார்க்கலாம்.”

கையில் இருந்த பரோட்டாவைக் கீழே வைத்தேன்.

அது பனி இல்லை. அந்தப் பெண் எங்கள் தோட்டத்து லயத்தில், அதே வரிசை வீடுகளில் இருந்த அஞ்சலை அக்கா. அவரைச் சுற்றி எழும்பி நிற்பது புல்லுக்கு அடிக்கிற மருந்து.

மருந்து என்றுதான் அன்றும் சொல்வோம், இன்றும் சொல்கிறோம். உயிரை வாங்குகிற ஒன்றுக்கு இந்தப் பெயரை முதலில் வைத்த ஆள் யாரோ தெரியவில்லை. இப்போதும் ரவாங்கில் சாலை ஓரத்துப் புல்லுக்கு யாராவது அடித்துக்கொண்டிருந்தால் நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். ஏற்றினாலும் வரும். தொண்டையின் பின்பக்கத்தில் போய் உட்காரும் ஒரு நாற்றம். அந்த நாற்றம் வந்தால் எனக்கு அஞ்சலை அக்கா வந்துவிடுவார். புருஷனுடைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையைச் சுற்றி ஒரு துண்டு, முதுகில் பம்பு. மதியம் வேலைக்காட்டிலிருந்து திரும்பினால் வீட்டுக்குள் போகமாட்டார். குழாயடியில் சட்டையோடு நின்று தண்ணீரை ஊற்றிக்கொள்வார். மகள் செல்வி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பாள். “கிட்ட வராத, அங்கேயே நில்லு” என்று குரல் வரும். அந்தப் பிள்ளை தள்ளி நின்று காத்திருக்கும்.

எங்கள் தோட்டம் ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்தது. என் சிறு வயதில் பாதி ரப்பர், பாதி எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. பிறகு முழுக்கச் செம்பனை. கோலசிலாங்கூர் என்றாலே படமெடுக்கிறவர்களுக்கு மின்மினிப்பூச்சிதான். மலைமேல் குரங்கு இருக்கிறது, ஆற்றோரம் மின்மினி இருக்கிறது, எல்லாவற்றையும் படம் பிடித்தாயிற்று. சாலைக்கு இந்தப் பக்கம் மனிதர்கள் இருந்தது கேமராக்களுக்குத் தெரிய வெகு நாளானது. தெரிந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஆவணப்படமே பிடிக்காதவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அரசாங்கத்துப் படவண்டி எங்கள் திடலுக்கு வரும். பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் துணி கட்டுவார்கள். எம் ஜனம் எல்லாம் சண்டைப் படத்துக்காகக் காத்திருக்கும். நான் அதற்கு முன்னால் போடுகிற சின்னப் படங்களுக்காகப் பாயை முன்வரிசையில் போட்டு வைப்பேன். கொசு ஒழிப்பது எப்படி என்று ஒரு படம். கடலாமை கரையேறி முட்டையிடுகிற படம் ஒன்று. அந்த ஆமையின் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து நான் அழுத அழுகையில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சண்டைப் படம் போச்சு என்று அண்ணன்மார்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆமையைப் பற்றி ஓர் ஆண்குரல் கனமாகப் பேசிக்கொண்டே இருந்தது. அது சரி. ஆமைக்குப் பேச வராது, அதற்காக ஒருவர் பேசினால் தப்பில்லை. அஞ்சலை அக்காவுக்கு நன்றாகவே பேச வரும்.

படக்குழு வந்தபோது நான் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்த புதிது. தோழிகளோடு வாடகை அறை. விடுப்பு கிடைத்தால் பஸ் மாறி மாறித் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு. அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து கேமராவோடு நாலைந்து பேர் வந்து இறங்கினார்கள். இயக்குநரை ஹரி என்று கூப்பிடச் சொன்னார்கள். நம் ஆள்தான். அவருடைய தாத்தாவும் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டியவராம். அதைச் சொல்லித்தான் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்தார். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் உடைந்து உடைந்து வரும். நல்ல மரியாதையான பையன். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அஞ்சலை அக்கா அன்று குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலச் சேலையில் வந்து நின்றார். ஹரி பார்த்துவிட்டு, “அக்கா, வேலைச் சட்ட போட்டுக்கிட்டா நல்லாருக்கும்” என்றார். அக்கா உள்ளே போய், கொடியில் காய்ந்த அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு செம்பனைக்குள் கூட்டிப் போனார்கள். எனக்கு அன்று விடுப்பு. வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன். மரங்களுக்கு நடுவே காலை வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீர் வைத்து அடிக்கலாமே என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொன்னார். பம்பில் ஏற்கெனவே மருந்து கலந்திருக்கிறது, நேரமும் போய்க்கொண்டிருக்கிறது, வெளிச்சம் மாறிவிடும் என்றார்கள். அக்கா அடித்தார். திரும்ப அடிக்கச் சொன்னார்கள். கேமராவைப் பார்த்து நடந்துவரச் சொன்னார்கள்.

“காத்து எம் மூஞ்சிக்கு அடிக்குதுப்பா” என்றார் அக்கா.

“ஒரே ஒரு வாட்டி அக்கா. சூரியன் கரெக்டா இருக்கு.”

ஒரே ஒரு வாட்டி என்று எத்தனை வாட்டி.

பின்னேரம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். நான் கேமராவுக்குப் பின்னால், ஹரியின் தோளுக்கு அருகில் நின்றேன். அக்கா முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு அவர் பேசியது அப்படியே என் காதில் இருக்கிறது. “அது வந்து, தம்பி, இந்த மருந்து அடிக்க ஆரம்பிச்சதுலேருந்து நகம் கறுத்துக் கறுத்து உதிருது, பாருங்க. மூக்குல ரத்தம் வருது. கிளவுஸ் கேட்டா அடுத்த மாசம்ங்கிறாங்க. போன வருசம் கேட்டதுக்கும் அடுத்த மாசம்னுதான் சொன்னாங்க. எனக்கு இதவிட்டா வேற வேல தெரியாது. எம் மவ இந்தப் பம்பத் தொடக் கூடாது. அது போதும் எனக்கு. இத அங்க பெரிய ஆளுங்க பாப்பாங்கன்னா நல்லாப் போடுங்க.” கைகளைக் கேமராவுக்கு நேரே நீட்டிக் காட்டினார். ஹரியின் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

சில மாதம் கழித்து, படம் முடிந்துவிட்டது, திரையிடுகிறோம், எல்லாரும் வரவேண்டும் என்று ஒரு வேன் அனுப்பினார்கள். கோலாலம்பூரில் குளிர்சாதன மண்டபம். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அஞ்சலை அக்கா இந்த முறை நீலச் சேலையில்தான் வந்தார். யாரும் மாற்றச் சொல்லவில்லை. விளக்கு அணைந்தது. புல்லாங்குழல் கேட்டது. செம்பனைக்குள் பொன்னாக வெயில் விழ, வெள்ளைப் புகை மெல்ல எழும்ப, அதற்குள்ளிருந்து அக்கா நடந்து வந்தார். மண்டபமே “ஆ” என்றது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. பிறகு வாசல் நாற்காலி வந்தது. அக்கா வாயைத் திறந்தார். உடனே அவர் குரலை அமுக்கிக்கொண்டு ஒரு பெண்ணின் ஆங்கிலக் குரல் பேச ஆரம்பித்தது. நிதானமான, படித்த, சோகமான குரல்.

அக்கா என் பக்கம் சாய்ந்தார். “நான் என்ன சொல்றேன்னு சொல்றாங்க?”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் கேட்டார். சொன்னேன். இந்த மண்தான் எனக்குத் தாய். உழைப்பு கடினம்தான், ஆனால் இந்தப் பனியும் இந்த மரங்களும் இல்லாமல் என்னால் வாழமுடியாது. நாளை என் மகளும் இதே வழியில் நடப்பாள்.

“எம் மவளா?” என்றார் அக்கா. “நல்லாக் கேட்டியா?”

“அப்படித்தான்க்கா சொல்றாங்க.”

திரையில் அவர் கைகளை நீட்டிக் காட்டினார். நகம் தெரியும் முன்பே காட்சி மாறி ஒரு மாடு வந்தது.

படம் முடிந்து, கேள்வி நேரம் என்று ஒரு அம்மையார் மைக்கோடு வந்தார். யாரோ கேமரா கோணத்தைப் பற்றிக் கேட்டார்கள். அஞ்சலை அக்கா எழுந்து நின்றார். “நான் அப்படிச் சொல்லல” என்றார். அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு கைதட்டினார். மண்டபமும் கைதட்டியது. அக்கா கைதட்டு ஓயும்வரை அப்படியே நின்றுவிட்டு, முன்னைவிடச் சத்தமாக, “எம் மவளப் பத்தி நான் அப்படிச் சொல்லல” என்றார். அம்மையார் மேடையில் இருந்த ஹரியைப் பார்த்தார். ஹரி மைக்கைப் பிடித்து, அக்கா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நானும் எழுந்தேன். என்னுடைய ஆங்கிலம் அப்போது தொழிற்சாலை ஆங்கிலம். சூப்பர்வைசரிடம் மிஷின் பழுது என்று சொல்ல மட்டும் போதுமானது. “திஸ் நாட் மிஸ்ட். திஸ் பாய்சன்” என்றேன். “ஷி நெவர் சே லைக் தட்.” அதற்குமேல் வரவில்லை. நகத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்பதுகூட அந்த நேரம் மறந்துபோய், அக்காவின் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினேன். அம்மையார் என்னுடைய கருத்துக்கு நன்றி சொல்லி, வெளியே தேநீரும் கறிபாப்பும் இருக்கின்றன என்றார்.

கருத்தாம்.

வெளியே ஹரி ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது. “அக்கா, நீங்க சொன்னது எனக்குத் தெரியும். படத்துக்குக் காசு போட்டவங்க அந்த மாதிரி வேணாம்னாங்க. கொஞ்சம் மாத்த வேண்டியதாப் போச்சு. பட் பீலிங் ஒண்ணுதான் லா.”

“ஒண்ணுதான்னா நான் சொன்னதையே போட்டிருக்கலாமே, தம்பி” என்றார் அஞ்சலை அக்கா.

ஹரி திருத்திவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். வேனில் திரும்பும்போது அக்கா கறிபாப்பைத் தொடவில்லை. செல்விக்கு என்று காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பம்போடு போய் நின்றார். வேறு என்ன செய்வார்?

திருத்தவில்லை. படம் ஊர் ஊராகப் போனது, பரிசு வாங்கியது. இப்போது என் கைப்பேசிக்கே வந்து, என்னைப் பார் என்கிறது.

கவிதாவுக்கு நான் என்ன பதில் போட்டேன் என்றால், ஜெராம் கடற்கரையில் கெராங் சிப்பி பொறுக்குகிற ஒரு அம்மாவைப் பற்றிக் கல்லூரிப் பெண் ஒருத்தி எடுத்த குட்டிப் படத்தைப் பார் என்று. படம் கொஞ்சம் ஆடும். காற்று இரைச்சல். அந்த அம்மா சிப்பியைக் கூடையில் போட்டுக்கொண்டே, சேறு முன்போல் இல்லை என்று ஆரம்பித்து, மருமகளைத் திட்டி, விலையைத் திட்டி, நடுவில் இருமி, தான் நினைத்த இடத்தில் பேச்சை முடிப்பார். எடுத்தவள் ஒரு இடத்திலும் குறுக்கே விழவில்லை. கீழே எழுத்து ஓடும், குரல் அவருடையது. நல்ல ஆவணப்படம் எது என்று கேட்டால் எனக்குத் தெரிந்த அளவு இவ்வளவுதான். பேசுகிறவரைப் பேசவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பனி எவ்வளவு அழகு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் வாசலில் காவலாளி நிற்கும் வீடமைப்பு. அஞ்சலை அக்கா உலு யாமில் செல்வியோடு போய் இருந்தார். நெஞ்சில் ஏதோ என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்து, நான்கு வருடம் முன்பு போய்ச்சேர்ந்தார். எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. செல்வி பம்பைத் தொடவில்லை. ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள்.

பட்டியலைப் பார்த்த அன்றே ஹரியைத் தேடிப்பிடித்து, அந்தப் பேட்டியின் முழுப் பதிவு இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, என்னையும் அக்கா என்றுதான் எழுதுகிறார். அலுவலகம் மாற்றியபோது டேப்புகளில் எல்லாம் பூஞ்சை பிடித்திருந்ததாம், தூக்கிப் போட்டுவிட்டார்களாம். மன்னிக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை உலு யாமுக்குப் போனேன். செல்வியிடம் அம்மாவின் போட்டோ நிறைய உண்டு. குரல் எதிலும் இல்லை. கைப்பேசியில் படத்தில் அந்தப் பேட்டி வரும் இடத்தை எடுத்து, காதில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். அந்த ஆங்கிலக்காரி வந்து விழுவதற்கு முன் “அது வந்து, தம்பி” என்பது மட்டும் கேட்கும். செல்வி கேட்டாள். திரும்பத் தள்ளிக் கேட்டாள். அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்புறம் அம்மா என்னக்கா சொன்னாங்க?”

சொன்னேன். நகம், ரத்தம், அடுத்த மாசம், எம் மவ இந்தப் பம்பத் தொடக் கூடாது என்றது, ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் என் குரலில்தான் சொல்ல முடிந்தது.