எதிரே 10 என்று போட்டிருந்த லோங்காங்

பட்ஜெட் புத்தகத்தில் அச்சாகிவிட்ட வேலை நடந்தே தீரும் என்று நான் நம்பினேன். வெளியாள் நம்பினால் மன்னிக்கலாம். நான் கிள்ளானில் நகராண்மைக் கழகத்தின் வீட்டு வரி கவுன்டரில் இருபத்திரண்டு வருடம் நாற்காலி தேய்த்தவன்.

அந்த வருடம் வீடுகளை மறுமதிப்பீடு செய்து வரியை ஏற்றப்போவதாக எல்லோருக்கும் நோட்டீஸ் போனது. ஆட்சேபம் இருந்தால் தேதி முடிவதற்குள் கடிதம் கொடுக்க வேண்டும். அதை வாங்கி முத்திரை குத்துவது என் வேலை. கூடுதல் வரியெல்லாம் உங்கள் லோங்காங் சாக்கடைகளுக்கே திரும்பி வரும் என்று மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நான் பட்ஜெட் புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். நான் குடியிருக்கும் தாமான் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கை அகலப்படுத்தும் வேலை அதில் இருந்தது. எதிரே 10 என்று போட்டிருந்தது. முதல் பக்கங்களில் தொகையெல்லாம் மில்லியனில் இருந்ததால், இதுவும் பத்து மில்லியன் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சாக்கடைக்கு அவ்வளவா என்ற சந்தேகமே வரவில்லை. ஏர்கோன் வைத்துக் கட்டுவார்கள் போல என்று நினைத்தேன்.

மறுநாள் சரோஜா ஆட்சேபக் கடிதத்தோடு கவுன்டருக்கு வந்தார். எங்கள் தாமானின் பள்ளத்து வரிசையில் வீடு. வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். பெரிய மழை பெய்தால் அவர் வீட்டு ஹாலுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

"இதுக்கு எதுக்கும்மா லெட்டர்? லோங்காங் வருது. புக்லயே இருக்கு."

"நெசமாவா அண்ணே? தரையை ஒசத்தலாம்னு கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன்."

"காசைத் தண்ணியில போடாதீங்க லா. கொத்தனாரைப் போகச் சொல்லுங்க."

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று அவரையும் சேர்த்து அந்த வரிசைக்காரர்கள் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினேன். கூட்டத்தைக் குறைத்துவிட்ட பெருமையில் மத்தியானம் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

ஆட்சேபத் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து, நிதிப் பிரிவு பரமேஸ்வரியிடம், "எங்க பத்து மில்லியன் எப்பம்மா வேலைக்கு வருது?" என்றேன்.

பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, அது பத்து ரிங்கிட். டோக்கன். வேலைக்குப் பேரு மட்டும் புக்ல நிக்கணும்னு போட்டு வைப்போம். பின்னாடி காசு கெடைச்சா செய்வாங்க. இருபத்திரண்டு வருசமா இங்கதானே இருக்கீங்க?"

கழிப்பறையில் முகம் கழுவினேன். மறந்துபோய் மறுபடியும் கழுவினேன். அதிகாரியிடம் ஓடிப்போய், ஐந்து கடிதம் மட்டும் பிந்தி வாங்கலாமா என்று கெஞ்சினேன். முடியாது என்றார். நானே தினமும் நூறு பேரிடம் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

சாயங்காலம் ஒரு பாக்கெட் முறுக்கோடு சரோஜா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று காருக்குள்ளேயே ஒத்திகை பார்த்ததில் முறுக்கு தீர்ந்துவிட்டது. வெறுங்கையோடு உள்ளே போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மூலையில் உறை பிரிக்காமல் நின்ற தையல் மெஷினைக் காட்டினார். "தரைக்கு வெச்சிருந்த காசு அண்ணே. நீங்க சொன்னீங்கன்னு இதை வாங்கிட்டேன்."

"மேசை மேல தூக்கி வெப்போம்மா."

"அதைத் தூக்கி வெக்கலாம். வீட்டை எது மேல தூக்கி வெக்கிறது?"

எனக்குப் பின் கவுன்டருக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பட்ஜெட்டில் வேலையின் பெயரைப் படித்ததும் வாயைத் திறக்காதீர்கள். எதிரே இருக்கும் எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று நிதிப் பிரிவில் கேளுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு வரி கிடையாது.

புது வரி அமலுக்கு வந்தது. அடுத்த மழையில் சரோஜா வீட்டுக்குள் முட்டிக்கு மேல் தண்ணீர் ஏறியது. தைக்க வாங்கி வைத்திருந்த கல்யாணத் துணிகள் சேற்றில் போயின. மூன்று மாதத்தில் கிடைத்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு, ஜெஞ்சாரோமில் தங்கை வீட்டோடு போய்விட்டார். வரிப் பதிவேட்டில் அவர் பெயரை எடுத்துவிட்டு, வாங்கியவர் பெயரை ஏற்றியது நான்தான்.