கோம்பாவுக்காக ஒரு ஜெபம்

போரில் அண்ணன் தம்பா செத்த பிறகு, அவர் பெயரிலேயே கொய்டு நகர அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தார் கோம்பா. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அண்ணனுக்குக் காரியம்கூடச் செய்யவில்லை. இப்போது போலி ஊழியர்களைக் களையெடுக்க, ஒவ்வொருவரையும் நேரில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

கோனோ மக்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசைப்படிதான் பெயர் வைப்பார்கள். அதிகாரி ஃபிண்டாவும் கோனோக்காரிதான்.

“தம்பாவா? அப்ப ரெண்டாவது பிள்ளை. நாலாவது, உங்க கோம்பா எப்படிண்ணே? எங்க வீட்டுக் கோம்பா வெறும் தண்டச்சோறு!”

“போர்ல செத்துட்டாம்மா.”

“ஐயோ, வாய் தவறிச் சொல்லிட்டேண்ணே!”

அவள் எழுந்து, கண்மூடி, கோம்பாவின் ஆன்மாவுக்காக ஜெபித்தாள். கூனிக் குறுகி நின்ற கோம்பா, தன் சாவுக்குத் தானே ஆமென் சொன்னார். அண்ணனுக்கு ஒருமுறைகூட அதைச் சொல்லாத வாய்.