முதுகு குடித்த மருந்து

முதலில் வாயில் எச்சில் ஊறியது. புளியங்காயைப் பார்த்தால் ஊறுமே, அப்படி. துப்பினேன். மறுபடி ஊறியது. நான்கு வரிசைக் கத்தரிக்கு மருந்து அடித்து முடிப்பதற்குள் பத்துத் தடவை துப்பியிருப்பேன். அதை நோய் என்று நினைக்கவில்லை. காலையிலிருந்தே தலைவலி இருந்தது, மாத்திரை ஒன்று போட்டிருந்தேன். பித்தம் என்று நினைத்தேன்.

இதை மருந்து அடிக்கிறவர்களுக்காகவும், அவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். முக்கால் ஏக்கரில் கத்தரி. என் வீட்டுக்காரர் சேவியர் அன்று மோட்டாரைக் கழற்றி, கருகிய கம்பிச்சுருளை மாற்றிக் கட்டுவதற்கு விராலிமலைக்குக் கொண்டுபோயிருந்தார். காய்ப்புழு யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் அவருடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு முதுகில் மாட்டி அடிக்கிற டேங்கை நானே தூக்கினேன்.

டேங்க் மூடியில் வாஷர் போய் ஒரு மாதமாகியிருந்தது. குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகில் ஒழுகும். எனக்குப் பயமெல்லாம் மூக்குக்குத்தான். துண்டை மூன்று சுற்றுச் சுற்றி மூக்கைக் கட்டியிருந்தேன். முதுகைப் பற்றி யார் நினைத்தார்கள்? உண்மையைச் சொல்கிறேன், அந்த வெயிலுக்கு நனைந்த முதுகு இதமாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே அடித்தேன்.

பிறகு கண் மங்கியது. கத்தரிப் பூ தெரியவில்லை, ஊதாவாக ஏதோ கலங்கித் தெரிந்தது. கண் இமை, கன்னம், தொடை எல்லாம் தானாகத் துடித்தன. சட்டைக்குள் தவளை குதிப்பதுபோல் இருந்தது. வரப்பில் உட்கார்ந்தேன். அதற்குமேல் எழுந்திருக்க முடியவில்லை.

பக்கத்து வயலில் காய் பறிக்க வந்திருந்த பாப்பாத்தி அக்காதான் கத்தி ஆள் கூட்டினாள். சேவியர் அப்போதுதான் ஊருக்குள் நுழைந்திருந்தார். மோட்டாரைக் கோயில் வாசலில் போட்டுவிட்டு, என்னை வண்டியில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் பாப்பாத்தி அக்கா பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். தூங்கி எத்தனை நாளோ, முகம் அப்படி இருந்தது.

"என்னாச்சு?" என்று கேட்டார்.

"மருந்துங்க" என்றார் சேவியர். அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

டாக்டர் என் காதருகே குனிந்தார். "ஏம்மா, மருந்து சாப்பிட்டியா?"

நான் காலையில் போட்ட தலைவலி மாத்திரையை நினைத்தேன். தலையாட்டினேன்.

"எவ்வளவு?"

ஒரு விரலைக் காட்டினேன்.

அவ்வளவுதான் நடந்தது. அதன் பொருள் எனக்குப் புரிய ஏழு மாதம் ஆயிற்று.

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். நெஞ்சு கிழிந்ததுபோல் இருந்தது. வயிற்றில் கழுவ ஒன்றும் இல்லை, மத்தியானம் சாப்பிட்ட சோறுதான். கழுவ வேண்டிய முதுகில் மருந்தில் ஊறிய சட்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஊசி போட வந்த ஒரு நர்ஸம்மா, "இது என்ன இப்படி நாத்தம் அடிக்குது?" என்று சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, சோப்புப் போட்டு முதுகைத் துடைத்தார். அதுவரை என் முதுகு குடித்துக்கொண்டேதான் இருந்தது. அந்த நர்ஸம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டும்.

நான் அடித்தது ஆர்கனோபாஸ்பேட் (பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் ரசாயன வகை). நம் உடம்பில் கோலினெஸ்டரேஸ் என்று ஒன்று இருக்கிறது (நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியை முடித்துவைக்கும் நொதி). இந்த ரசாயனம் அதைக் கட்டிப்போட்டுவிடும். செய்தி முடியாது. எச்சில் நிற்காது, வேர்வை நிற்காது, தசை துடிப்பது நிற்காது. கடைசியில் மூச்சுவிடும் தசை களைத்து நின்றுவிடும். பூச்சிக்கும் இதே நரம்பு வேலைதான், நமக்கும் இதேதான். பாட்டில் மேல் புழுப் படம் போட்டிருப்பதால் புழுவுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம்.

இதற்கு அட்ரோபின் போட்டார்கள் (எச்சிலையும் சளியையும் வற்றவைத்து இதயத்தை ஓடவைக்கும் ஊசி மருந்து). என்னைப் பிழைக்க வைத்தது அதுதான். ஆனால் அது கூடினால் புத்தி கலங்கும். இரண்டு நாள் நான் கட்டில் விரிப்பிலிருந்து கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தேனாம். சேவியரைப் பார்த்து, "சாக்கைப் பிடிங்க, சொத்தையைத் தனியாப் போடுங்க" என்றேனாம். அவர் தன் துண்டைச் சாக்கு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றாராம். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் புத்தி தெளிந்தபோது போலீஸ்காரர் ஒருவர் நோட்டுடன் நின்றார்.

"வீட்டுல எதுவும் சண்டையா?"

"சண்டை தெனமும்தாங்க இருக்கு. அதுக்கெல்லாம் யாராவது சாவாங்களா?"

"அப்ப எதுக்கும்மா குடிச்ச?"

"எதைங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் ஒரு மூடி பூச்சிமருந்தைக் குடித்ததாகக் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு மூடி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

அதற்கு முன்னாலேயே என் அண்ணன் ஆரோக்கியசாமிக்குச் செய்தி போயிருந்தது. தங்கச்சி மருந்து குடித்துவிட்டாள் என்றால் அண்ணன்காரன் என்ன செய்வான்? வார்டு வாசலில் இத்தனை பேர் முன்னால் சேவியரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். சேவியர் திருப்பி அடிக்கவில்லை. "அவ எந்திரிக்கட்டும் மச்சான், அவளே சொல்லுவா" என்றாராம்.

நான் எழுந்து சொன்னேன். யாரும் நம்பவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் நிஜமாகவே குடித்தவள். பேச முடிந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எதுக்குக்கா குடிச்சீங்க?"

"நான் குடிக்கலைம்மா. அடிச்சேன்."

அவள் சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்லுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. உன் மாதிரி ஆள் இல்லை நான் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த நாள் அவளுக்குத் தொண்டைப் புண்ணில் தண்ணீர் இறங்கவில்லை. பார்க்க வந்தவர்களும் திட்டிவிட்டுத்தான் போனார்கள். நான் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். அவளுக்கும் எனக்கும் ஒரே ஊசி, ஒரே கம்பெனி பாட்டில். இதில் நான் என்ன பெரிய ஒழுங்கு? குடித்தவர்களைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இதை இத்தோடு மடித்து வைத்துவிடலாம்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் மன்னிப்பாரு மேரி" என்றார்கள். என்னத்தை மன்னிப்பார்? வாஷர் மாற்றாததையா?

மூன்று வாரம் கழித்துக் கெண்டைக்கால் இழுத்தது. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வந்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடினேன். மண் ரோட்டின் நடுவில் கிடந்தது. அங்கிருந்து வீடுவரை வெறுங்காலில் நடந்திருக்கிறேன், கல் குத்தியிருக்கிறது, ரத்தம் வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன்.

நரம்பு டாக்டரம்மா காலில் மின்சாரம் வைத்துச் சோதித்தார் (நரம்பு வழியாகச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை). தாமத நரம்புச் சிதைவு என்றார் (விஷம் இறங்கிய சில வாரம் கழித்துக் கால், கை நரம்புகள் நுனியிலிருந்து பட்டுப்போவது). எனக்குப் பாதத்திலிருந்து கெண்டைக்காலின் பாதிவரை பட்டுப்போயிருந்தது.

"திரும்ப வருமா டாக்டர்?"

"வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரி. சில பேருக்கு முழுசா வரும், சில பேருக்கு வராது. பயிற்சியை விடாதீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த மாதங்கள் முழுக்க என் கோபமெல்லாம் சேவியர் மேல்தான். "அன்னிக்கி டாக்டர்ட்ட நீங்க என்னத்தை ஒளறுனீங்க?" என்று கேட்காத நாளில்லை. "மருந்துன்னு மட்டும்தான் சொன்னேன் மேரி" என்பார். நான் நம்பவில்லை. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் வாசலில் நின்று என்னிடம் மட்டும் பேசிவிட்டுப் போவான்.

ஏழாம் மாதம் ஓர் ஆய்வுக் குழு வந்தது. டாக்டர்கள், விவசாயம் படித்தவர்கள், வேதியியல் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்கிற ஆய்வு. மருந்து அடிக்கிறவர்களின் ரத்தத்தில் அந்த நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அடிக்கும்போது சட்டையின் பல இடங்களில் துணித் துண்டு குத்தி அனுப்பி, எதில் எவ்வளவு மருந்து பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். காயையும் கொண்டுபோவார்கள். ஒரே மருந்தைச் செடி, ரத்தம், துணி என்று மூன்று இடத்தில் துரத்துகிற வேலை. இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

வேதியியல் படித்த நிலோஃபர் என்ற பெண்தான் பெயர் எழுதினாள். கோட்டைப்பட்டினத்துக்காரி. என் ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டியவள் தயங்கினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தானாக் குடிச்சவங்கள இதுல சேக்குறதில்ல."

"நான் குடிக்கலை."

"பேப்பர்ல அப்படித்தான்க்கா இருக்கு."

நான் எழுந்து போயிருப்பேன். கால் உடனே எழுந்திருக்கவில்லை. அதனால்தான் அடுத்து நடந்ததைப் பார்க்க முடிந்தது. அடுத்து பாப்பாத்தி அக்கா. நிலோஃபர் அச்சடித்த கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"போன ஒரு மாசத்துல ஏதாச்சும் மருந்து எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்தேனே. ரெண்டு லிட்டரு."

நிலோஃபரின் பேனா நின்றது. "ரெண்டு லிட்டரா?"

"அர லிட்டரு பாட்டிலு இல்லைன்னுட்டான்த்தா கடைக்காரன். நான் என்ன பண்றது?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. புழுவுக்கு அடிப்பதும் மருந்து, குடித்துச் சாவதும் மருந்து, காய்ச்சலுக்குத் தின்பதும் மருந்து. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். டாக்டர் ஒன்றைக் கேட்டார், நான் வேறொன்றுக்குத் தலையாட்டினேன். விரலை வேறு காட்டினேன். சேவியர் ஒன்றும் உளறவில்லை. என் வாயால் வந்த வினை. வாயால்கூட இல்லை, தலையால்.

நிலோஃபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேள்வித்தாளை எடுத்து அந்தக் கேள்வியின் மேல் விரலை வைத்தாள்.

"நாங்க மூணு மாசமா இதையே கேட்டுக்கிட்டு இருக்கோம்க்கா."

"அப்ப மூணு மாசமாத் தப்பா எழுதிக்கிட்டு இருக்கீங்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. 'மருந்து' என்ற சொல்லை அடித்துவிட்டு, "வேற எப்படிக் கேக்கலாம்?" என்று என்னைக் கேட்டாள். மாத்திரை என்றால் மாத்திரை என்று கேள், டேங்க் என்றால் டேங்க் என்று கேள், வாயில் போனதா மேலில் பட்டதா என்று தனியாகக் கேள் என்றேன்.

பிறகு நானும் நிலோஃபரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேஸ் ஷீட்டில் எழுதியதை அழிக்க முடியாது என்றார்கள். நரம்பு டாக்டரம்மா கடையில் மருந்து வாங்கிய சீட்டையும், வெட்டிய சட்டையைப் பற்றி நர்ஸ் குறிப்பில் இருந்த ஒரு வரியையும் பார்த்தார். கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: தெளிக்கும்போது தோல் வழியாக உடலில் சேர்ந்தது. மேலே குடித்தாள் என்று இருக்கிறது, கீழே இது இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

அந்தத் தாளை அண்ணனிடம் கொடுத்தேன். மகளை விட்டுப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்து சேவியர் முன்னால் நின்றான்.

"மாப்ள, என்னைய ஒரு அறை அறைஞ்சுருங்க."

"போங்க மச்சான், எனக்குக் கைதான் வலிக்கும்" என்றார் சேவியர். "உக்காருங்க, சாப்புடலாம்."

நானும் சேவியரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல டேங்குக்கு வாஷர் வாங்கணும்" என்றார்.

மருந்து அடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலில் பட்டால் சட்டையை அந்த இடத்திலேயே கழற்றி எறியுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள். சோப்புப் போட்டுக் குளியுங்கள். பாட்டிலைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "மருந்து" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அடிச்சோம், மேல பட்டுச்சு" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சொல் இல்லை. சேவியர் கடைக்குப் போய், "கத்தரிக்கு வெஷம் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டாராம். இன்னும் அடிக்கிறோம், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். முன்பைவிடக் குறைவாக, முதுகில் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டு அவர்தான் அடிக்கிறார்.

தோலும் ஒரு வாய்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். மழை பெய்தால்கூட முதுகைத்தான் முதலில் நினைக்கிறேன். நாட்களையும் நான் தேதியில் எண்ணுவதில்லை, தையல் டேப்பில் எண்ணுகிறேன். முதலில் உணர்வு நின்றுபோன இடத்தில், கெண்டைக்காலின் நடுவில், பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். குளித்தால் அழியும், மறுபடி போடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சேவியர் ஊக்கால் மெல்லக் குத்திக்கொண்டே கீழே வருவார். நான் கண்ணை மூடிக்கொண்டு "இருக்கு, இருக்கு" என்பேன். எங்கே நான் சொல்லாமல் விடுகிறேனோ, கோட்டிலிருந்து அதுவரை அளப்போம்.

நேற்று காலை வாய்க்காலில் கால் வைத்தேன். கோட்டிலிருந்து கீழே கணுக்கால்வரை தண்ணீர் குளிர்ந்தது. அதற்குக் கீழேயும் தண்ணீர் ஓடுகிறது என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.